ரெண்டு தடவை அக்கா

"இன்னைக்குக் காதுல பேச்சு ஜாஸ்தியா இருக்கு. எதுவா இருந்தாலும் ரெண்டு தடவை சொல்லுங்க" என்று தையல் கடைக்குள் நுழையும்போதே சொல்லிவிட்டு, ஜன்னலோர மெஷினில் உட்கார்ந்து எண்ணெய் விடுகிறார் அக்கா. மழை வரும்போல இருக்கிறது என்பதைப் போல அவ்வளவு சாதாரணமாக. எட்டு வருஷம் மனநல மருத்துவமனையில் இருந்தவர். இங்கே வந்து மூன்று வருஷமாகிறது. சில நாள் அவருக்கு மட்டும் குரல்கள் கேட்கும். மாத்திரையும் உண்டு, வேலையும் உண்டு.

"காலர் பதினஞ்சு அக்கா, பதினஞ்சு" என்கிறார் கட்டிங் மாஸ்டர். என்னிடம் ஒரு தடவை சொல்வதற்கே அவருக்கு வாய் வலிக்கும். எனக்குப் பொறாமைதான், மூடி மறைப்பானேன்? பதினோரு வருஷமாக இதே கடையில் இடுப்பொடியத் தைக்கிறேன். போன மாதம் பல்வலியில் கன்னம் வீங்கி வந்தேன். "என்ன, கொஞ்சம் பூசினாப்ல இருக்கே?" என்றார்கள்.

அந்த ஜன்னலோர இடத்தின் மேல் எனக்கு வெகுநாளாகக் கண். நல்ல வெளிச்சம், காற்று. தெருவில் போகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். அக்காவைப் பார்த்துத்தான்.

நேற்று, தைத்த சட்டையை வாங்கவும் புதுத்துணி கொடுக்கவும் ஓர் அம்மாள் வந்தார். "ஏன் அவங்ககிட்ட மட்டும் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவை சொல்றாங்க?" என்று என்னிடம் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம்.

அவர் முகம் சுளித்தார். "இவங்களையா முன்னாடி உக்கார வெச்சிருக்கீங்க? உள்ள எங்கயாவது வெச்சுக்கக் கூடாதா?"

முதலாளி நெளிந்தார். பின்பக்க அறையைப் பார்த்தார், பிறகு என்னை. "நீ முன்னாடி வந்துடறியா?"

மனசு துள்ளியது. என் கத்தரியையும் நூல்கண்டையும் கையில் எடுத்துக்கொண்டேன்.

அக்கா மெஷினை நிறுத்தினார். "உள்ள எட்டு வருஷம் இருந்தாச்சு முதலாளி. மறுபடி போக மாட்டேன். தையல்ல குறை இருந்தா சொல்லுங்கம்மா, பிரிச்சுத் தெச்சுத் தரேன்."

அம்மாள் சட்டையை உள்பக்கம் திருப்பி அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஓர் இழையாவது பிசகியிருக்காதா என்று நானும் எட்டிப் பார்த்தேன். இல்லை. பாவி மனுஷி, அப்படித் தைத்திருந்தார்.

அக்கா எழுந்து வந்து, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தார்.

"புதுத்துணிக்கு அளவு எடுத்துடலாமா?"

அம்மாள் கொஞ்சம் தயங்கினார். பிறகு கைப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினார்.