விண்ணப்பத்தில் வந்த மூத்தவன்

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் இ-சேவை மையத்தில், கீதாஞ்சலி கை வைத்த விண்ணப்பம் திரும்பி வராது என்று ஒரு பேர் உண்டு. பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ், பிறப்பு, இறப்பு, எதுவானாலும் கூட்டம் அவள் மேசை முன்னால்தான் நிற்கும். பக்கத்து மேசை முருகவேல் ஈ ஓட்டிக்கொண்டிருப்பான். அப்பேர்ப்பட்டவள், சொந்த மகளுக்கு ஒரு பள்ளிக்கூட ஃபாரம் நிரப்ப மூன்று வாரம் தடுமாறினாள்.

அவள் கணவன் பிரகாஷ் நியூசிலாந்தில் வெல்டர். விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் அவளும் எட்டு வயது மகளும் போக வேண்டும். அங்கே பார்த்திருக்கும் வீட்டிலிருந்து நான்கு நிமிட நடையில் ஒரு சின்னப் பள்ளி. பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் பேர்போன இன்னொரு பள்ளி. இரண்டையும் வீடியோவில் காட்டிவிட்டு, "நீயே பார்த்து முடிவு பண்ணு" என்றான் பிரகாஷ். நல்ல மனதோடுதான் சொன்னான். பத்து வருடத்துக்கு முன்னால் மூத்தவன் எழிலைச் சேர்க்கும்போதும் இதையேதான் சொன்னான்.

அப்போது கீழ்பென்னாத்தூரில் இருந்தார்கள். தெருமுனையிலேயே அரசுப் பள்ளி. அவள்தான் ஒற்றைக்காலில் நின்று, டை கட்டி வேனில் போகிற பள்ளியில் சேர்த்தாள். மறு வருடம் ஒரு மழைநாளில் வேன் ஏரிக்கரையில் கவிழ்ந்தது. மற்ற பிள்ளைகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. எழில் போய்விட்டான். ஆறு வயது. யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூடத் தேவலை. இன்றைக்கும் மணி நாலேகால் ஆனால் வேன் ஹாரன் கேட்டு அவள் விரல்கள் கீபோர்டில் நின்றுவிடும். முருகவேலுக்கு ஒன்றும் கேட்காது.

அதற்கப்புறம் பெண் பிறந்தது. நாத்தனார் பச்சையம்மாள் குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, ஒரு படி தவிடு வாங்கிக்கொண்டு பெற்றவளிடமே திருப்பிக் கொடுத்தாள். குப்பம்மா என்று கூப்பிட்டார்கள். குப்பைதானே என்று எமன் தாண்டிப் போய்விடுவானாம். இனியா என்ற பெயர் பள்ளிக்கூட அட்டெண்டன்ஸோடு நின்றது. கம்ப்யூட்டர் தட்டுகிறவள் இதையெல்லாம் நம்புகிறாளா என்று கேட்டால் சிரிப்பாள். ஆனால் எட்டு வருடத்தில் ஒருமுறைகூட அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை, நடந்து போகிற பள்ளியே போதும் என்று தீர்மானித்தாள். மனசு மாறுவதற்குள், வந்த ஆட்களுக்கு நடுவிலேயே, அந்தப் பள்ளிக்கு ஃபாரத்தை மடமடவென்று தட்டி அனுப்பினாள். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை வீட்டில் போனைத் திறந்தபோது பதில் வந்திருந்தது. பள்ளி அலுவலகத்துப் பெண் அன்பாக எழுதியிருந்தாள். எழிலுக்காகக் கேட்டதற்கு நன்றி. ஆனால் அவனுக்குப் பதினைந்து வயது ஆகிவிட்டதால் எங்களிடம் வகுப்பு இல்லை. பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் கட்டாயம் இடம் இருக்கும், நானே சொல்கிறேன். அவனுக்கு என்ன விளையாட்டு பிடிக்கும்?

பெயர், பிறந்த தேதி இரண்டையும் அவள் விரல்கள் பாட்டுக்கு அவனுடையதாகவே தட்டியிருந்தன. சொல்லக் கூசுகிறது, அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். எங்கோ ஓர் ஊரில் எழில் வளர்ந்திருந்தான். மீசை அரும்பியிருந்தது. அவனுக்கென்று ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. பிளாஸ்டிக் பேட்டைக் கட்டிக்கொண்டு தூங்கினவன் அவன். கிரிக்கெட் என்று பதில் தட்டினாள். பிறகுதான் தட்டினதைப் படித்துப் பார்த்தாள். அதை அழித்துவிட்டுப் பிரகாஷைப் போனில் கூப்பிட்டாள்.

"ஃபாரத்த எழில் பேர்ல அனுப்பிட்டேங்க."

மெஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது. "தப்பு எம்மேலதான்," என்றான் பிரகாஷ். "அன்னிக்கும் உன் தலையில கட்டிட்டு நான் ஒதுங்கிக்கினேன். நீ மாத்தி எழுது. நானும் அந்தக் கிட்ட இருக்கற ஸ்கூலுதான் சொல்றேன்."

எத்தனையோ பேருக்கு இறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவளுக்கு இந்த இரண்டு வரி எழுத அரை மணி நேரம் ஆயிற்று. எழில் என் மூத்த மகன், ஆறு வயதில் இறந்துவிட்டான். சேர வேண்டியது அவன் தங்கை. அதற்கு மேல் பெயர் வேண்டும். எமனுக்கு விலாசம் கொடுப்பதுபோல் பயமாக இருந்தது. தட்டி அனுப்பினாள். ஆனால் ஊர் தெரியாத யாரோ கூப்பிடுவதற்கு முன்னால் தன் வாயாலேயே ஒருமுறை கூப்பிட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. உள்ளறையில் பிள்ளை பை அடுக்கிக்கொண்டிருந்தது.

"இனியா," என்றாள்.

பதில் இல்லை. எழுந்து நின்று இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"இனியா."

அந்தப் பெயர் கேட்டால் சொல்ல வேண்டியது பிள்ளைக்கு ஒன்றுதான் தெரியும். பையிலிருந்து கையை எடுக்காமல், தினமும் சொல்கிற அதே ராகத்தில் சொன்னது.

"உள்ளேன், டீச்சர்."