மாதாவிடம் திருப்பி வாங்கிய குலை

செபமாலைக்கு எதையும் சும்மா பார்த்துவிட்டுப் போக வராது. நாடு விட்டு வந்து, சென்ட் லோரன்டில் அட்டைப்பெட்டி செய்கிற பக்டரியில் பதினான்கு வருசம் வேலை. அங்கே மெசின் நின்றால் மெக்கானிக் வருவதற்கு முதலே இவருடைய தலை அதற்குள் நிற்கும். புதுசாக வாங்கிய சோறு அவிக்கிற குக்கரை, அது எப்படித் தானாக நிற்குது என்று கழற்றிப் பார்த்து, ஒரு கிழமை வீட்டில் எல்லாரையும் பாண் தின்ன வைத்த ஆள். மனுசி சிசிலி அந்தக் கதையை வருகிற போகிற எல்லாருக்கும் சொல்லுவா.

2004 இல் ஒருநாள் போர்மன் வந்து, திராட்சைத் தோட்டம் தெரிந்தவர்கள் ஆராவது உண்டா என்று கேட்டான். செபமாலை கையைத் தூக்கினார். ஊரில், இளவாலையில், முப்பது கொடிக்குப் பந்தல் போட்டவர், பொய் இல்லை.

தோட்டம் போர்மனின் மாமி மதாம் கிளெலியாவுடையது. இல்-பிசார் என்ற இடத்தில் வீடு, அறுபது தாண்டிய இத்தாலிக்காரி. ஐஸில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததில் இடது கை சரிவராமல் இருந்தா. வீட்டுக்குப் பின்னால் பதினொரு கொடி, வெள்ளைத் திராட்சை. செத்துப்போன புருசன் தன் ஊரிலிருந்து கொண்டுவந்த இனம். அந்த ஊரிலேயே இப்போது நாலைந்து வீட்டில்தான் மிச்சமாம். அதன் பேரை மதாம் எத்தனையோ தரம் சொல்லியும் செபமாலையின் நாக்கில் அது நிற்கவில்லை. வருசம் நாற்பது போத்தல் வைன் வரும். விற்பதில்லை. ஒருத்தருக்கும் நடுவதற்கு ஒரு தடி வெட்டிக் கொடுத்ததுமில்லை.

சனிக்கிழமைகளில் போகத் தொடங்கினார். இரண்டு பேருக்கும் பிரெஞ்சு அரைகுறை. அதனால் நல்லாக விளங்கிக்கொண்டார்கள். கொடி ஏன் முழங்கால் உயரத்தில் நிற்குது என்று முதல் நாளே கேட்டார். மாரிக்கு முதல் வளைத்துப் படுக்கவைத்து மண்ணால் மூடவேணும், இல்லாவிட்டால் குளிரில் செத்துப்போகும் என்றா மதாம்.

"உயிரோடை தாட்டுப்போட்டு, சித்திரையிலை கிண்டி எடுக்கினமாம்!" என்று வீட்டில் வந்து இரண்டு நாள் அதே கதைதான்.

ஒக்டோபர் முதல் சனி பழம் பிடுங்கினார்கள். பிடுங்குகிற ஆள் முதல் குலையை இலையோடு வீட்டுக்குக் கொண்டுபோகவேணும், அது அவவின் வழக்கம். செபமாலை அதைக் கொண்டுபோய்க் காருக்குள் வைத்துவிட்டு வந்தார். மிச்சத்தைப் பிழிகிற மெசினுக்குள் போடச் சொல்லிவிட்டு, மதாம் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கதையில் இருந்துவிட்டா.

பழத்தின் மேல் மாப்போல ஒரு வெள்ளை. செபமாலை விரலால் தடவிப் பார்த்தார். பூச்சிமருந்து! இளவாலையில் மருந்தடித்த குலையை உப்புத் தண்ணீரில் கழுவாமல் வாயில் வைக்கமாட்டார்கள். பைப்பைத் திறந்து, ஒவ்வொரு குலையாக, குழந்தைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி உரஞ்சிக் கழுவினார். மதாம் திரும்பி வரும்போது எல்லாம் மெசினுக்குள் போய்விட்டது. சாற்றை நிலவறையில் இரண்டு பெரிய கண்ணாடிப் போத்தல்களில் ஊற்றி வைத்தார்கள்.

அடுத்த சனி போனால் மதாம் ஒரு போத்தலில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறா.

"முப்பது வருசமாகச் சாறு மூன்றாம் நாள் பொங்கும். இன்றைக்கு ஏழு. கொடிக்கு வயது போய்விட்டது, செபா."

"கடையில் ஈஸ்ற் விற்கிறான், மதாம்."

"அதைப் போட்டால் அது கடை வைன். என் மனுசனும் இல்லை. இந்த மாரிக்கு மண் மூட வேண்டாம், விடு."

மூடாவிட்டால் பதினொன்றும் போச்சு. நல்லாகக் காய்த்த கொடிக்கு எப்படித் திடீரென்று வயது போகும்? வழி முழுக்கச் செபமாலைக்கு அதே யோசனை.

வீட்டில் சிசிலி அப்பத்துக்கு மா கரைத்துக்கொண்டு நின்றா. எடுத்து வைத்திருந்த பழைய மாவில் ஒரு கரண்டி புதுசுக்குள் விட்டா.

"உந்தப் பழைய மாவை விடாட்டி என்ன நடக்கும்?"

"மா பொங்காது. கட்டி இருபது வருசம், இப்பதான் கேக்கிறியள்."

"அப்ப மா தானாப் பொங்கேல்லை. வேறை ஏதோ வந்து பொங்க வைக்குது..."

அவருடைய கண் சுவர்த் தட்டில் இருந்த மாதா சுரூபத்துக்குப் போனது. அதன் காலடியில், போன கிழமை காணிக்கையாக வைத்த அந்த முதல் குலை, இலையோடு. கொஞ்சம் வாடியிருந்தது. ஆனால் அந்த வெள்ளை மா அப்படியே இருந்தது.

"ஐயோ சிசிலி! அது மருந்தில்லை. பொங்க வைக்கிற ஈஸ்ற் தோலிலைதான் இருந்தது, அதை நான் கழுவி ஊத்திப்போட்டன்!"

குலையை எடுக்கப் போனவரின் கையைச் சிசிலி பிடித்தா.

"மாதாவுக்கு வைச்சதைத் திருப்பிக் கேக்கிற முதல் சீவன் நீங்கள்தான்."

"பேந்து அடுத்த முறை பெரிய குலையாக் குடுக்கிறன்."

"மாதாவோடையும் பேரம்!" என்றாலும், நசியாமல் ஒரு சட்டிக்குள் வைத்துக் கொடுத்தா.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு இல்-பிசாருக்கு ஓடினார். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் சேட்டு நனைந்துவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில்கூட அவருக்கு இவ்வளவு வேர்த்ததில்லை.

"கழுவினாயா? எல்லாத்தையுமா?"

பிறகு மதாம் இத்தாலியில் ஐந்து நிமிசம் கத்தினா. ஒன்றும் விளங்கவில்லை, எல்லாம் விளங்கியது. கத்தி முடிந்ததும் குலையைப் பறித்து மணந்து பார்த்தா. நல்ல கையால் ஒரு கிண்ணத்துக்குள் பிழிந்து, தோலோடு அடுப்புப் பக்கம் மூடி வைத்தா. அது பொங்கத் தொடங்கினால், சிசிலியின் பழைய மா மாதிரி, இரண்டு போத்தலுக்குள்ளும் விடத்தான். "கொடியில் பிழையில்லை, நான்தான் பிழை" என்று செபமாலை இன்னொருதரம் சொன்னார். அவ வாசலைக் காட்டினா.

வியாழன் பின்னேரம் போன் அடித்தது. எடுத்தால் பொன்ஜூர் என்ற வணக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு சத்தம் மட்டும்: புளுக்... புளுக்... புளுக்.

"எந்தப் போத்தல், மதாம்? இரண்டுமா? எது முதல் தொடங்கினது?"

"மண்வெட்டியோடு வா" என்று போனை வைத்தா.

நவம்பரில் பதினொரு கொடியையும் படுக்கவைத்து மண் மூடினார்கள். மூடுவதற்கு முதல் மதாம் இரண்டு தடி வெட்டி, ஈரப் பேப்பரில் சுற்றி அவருடைய கையில் வைத்தா. இளவேனிலில் நடும்வரை குளிரில் இருக்கவேணுமாம். பிரிஜ்ஜில் பால் பைக்குப் பக்கத்தில் அதைக் கண்ட சிசிலி, ஒரு நுனியில் தூக்கிப் பிடித்தா.

"இஞ்சேருங்கோ, இந்த விறகைக் கழுவி வைக்கட்டோ?"

"தொடாதை!" என்று ஹோலிலிருந்து பாய்ந்து வந்தார் செபமாலை.