மெழுகைக் கடித்துப் பார்த்தவர்கள்

1961 ஆனி மூன்றாம் திகதி பிற்பகல், பத்மாசனியின் வீணையில் விரல் வைத்து வாசிக்கும் இருபத்துநான்கு மெட்டுக்களில் பத்தொன்பது சாய்ந்துவிட்டன. சங்கீத ஆசிரியர் பரீட்சைக்குப் பதினாறு நாட்கள் இருந்தன. ஏற்கெனவே இரண்டு தடவை தவறியிருந்தார். மூன்றாவதிலும் தவறினால் நான்காவது கிடையாது என்பது விதி.

குற்றம் யாரிலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பாடம் முடிந்து கிளிநொச்சிக்கு பஸ் ஏறியபோது, வீணையைக் கீழே வைக்கிறேன் என்றுதான் அவர் சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்கள் சம்மதிக்கவில்லை. சரஸ்வதி கையில் இருப்பதைக் கால்மாட்டில் வைப்பதா? கண்டக்டர் தன் துவாயை விரித்து, சாரதிக்குப் பக்கத்தில் என்ஜின் பெட்டியின் மேல் வீணையைக் கிடத்தினார். பஸ்ஸில் அதைவிட மரியாதையான இடம் இல்லை. அதைவிடச் சூடான இடமும் இல்லை. வீணையின் பித்தளை மெட்டுக்கள் மெழுகில் பதிந்து நிற்பவை.

மறுநாளே திரும்ப யாழ்ப்பாணம் போனார். செல்வநாயகம் என்பவரின் கடைப் பலகையில் ‘சகல வாத்தியங்களும் திருத்தப்படும்’ என்று எழுதியிருந்தது. அவர் ஒரே நாளில் வேலையை முடித்தார். இம்முறை பத்மாசனி வீணையை மடியில் வைத்தே வந்தார். மூன்றாம் நாள் மதியம், என்ஜின் எதுவும் பக்கத்தில் இல்லாமலே, மெட்டுக்கள் மறுபடி சாய்ந்தன. மீண்டும் ஓடிப்போய்க் கேட்டார்.

“உங்கட ஊர் வெக்கைக்கு நான் என்ன செய்யிறது?” என்றார் செல்வநாயகம்.

கிளிநொச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் வெயில் அப்படி மாறுவதாகப் பத்மாசனி அறியவில்லை. பரீட்சைக்கு ஒன்பது நாட்கள் இருந்தன.

கணவர் யோகநாதன் குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயல் செய்பவர். வீணையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அதற்கு மேல் சட்டை காயப்போடக் கூடாது என்பது மட்டும்.

“கிணத்துக்குள்ளை இறக்கி வைப்பமே? குளிர்ச்சியா இருக்கும்.”

“உங்களையும் சேத்து இறக்கிறன்.”

அன்று முல்லைத்தீவிலிருந்து மீராசாகிபு சைக்கிளில் தேன் கொண்டு வந்திருந்தார். காட்டுத் தேனும் தேன்மெழுகும் அவருடைய வியாபாரம். சாய்ந்த மெட்டுக்களைக் கண்டவர், கேட்காமலே நகத்தால் கொஞ்சம் மெழுகைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். மெழுகில் கரி கலந்திருந்ததால் பல்லெல்லாம் கறுத்தது.

“தங்கச்சி, நல்ல மெழுகு பல்லிலை ஒட்டாது. இது ஒட்டுது. பாதிக்கு மேலை மெழுகுதிரி.”

“நானா, நீங்கள் வீணை வாசிப்பியளோ?” என்று அவரைக் கேட்டார் யோகநாதன்.

“எனக்கு இது எந்தப் பக்கம் வாசிக்கிறதெண்டும் தெரியாது. மெழுகு தெரியும்.”

நம்பக்கூடிய ஆள் யாரும் இருக்கிறார்களா என்று பத்மாசனி கேட்டார். மீராசாகிபு யோசிக்க நேரம் எடுக்கவில்லை.

“வீணைக்கெண்டு என்னட்டை மெழுகு வாங்கிறது நாலு பேர். மூண்டு பேர் விலையைக் கேப்பினம். வவுனியாக் கனகலிங்கம் மட்டும் கடிச்சுப் பாத்திட்டுத்தான் விலையே கேப்பார். ரெண்டு தரம் என்ரை மெழுகைத் திருப்பியும் விட்டவர்.”

“உங்கட மெழுகையோ?”

“ஓம். அவர் சொன்னது சரி.”

தன் சரக்கைத் திருப்பிவிட்டவனை ஒரு வியாபாரியே சிபாரிசு செய்கிறான் என்றால் விசாரிக்க வேறொன்றும் இல்லை என்று பத்மாசனிக்குப் பட்டது. அடுத்த நாள் கணவனும் மனைவியும் வவுனியாவுக்கு ரயிலேறினார்கள்.

கனகலிங்கம் மாட்டுவண்டிக்குச் சில்லுச் செய்யும் தச்சர். வருடத்தில் ஐந்தாறு வீணையும் பார்ப்பார். பழைய மெழுகைக் கடித்தார், துப்பினார், முழுவதையும் சுரண்டி எறிந்தார். பிறகு ஒரு நிபந்தனை சொன்னார்.

“நான் மெட்டு வைப்பன். சரியோ பிழையோ எண்டு நீங்கள்தான் சொல்லவேணும். பக்கத்திலை இருங்கோ. மூண்டு நாள்.”

யோகநாதன் வயலுக்குத் திரும்பினார். பத்மாசனி கனகலிங்கத்தின் வீட்டிலேயே தங்கினார். அவருடைய மனைவி சிவனேஸ்வரி சாப்பாடு போட்டார். கனகலிங்கம் ஒவ்வொரு மெட்டாக மெழுகில் அமர்த்துவார். பத்மாசனி தந்தியை மீட்டிக் கேட்பார். தலையசைக்கும் வரை அவர் மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். இரண்டாம் நாள் மாலை, பதினேழாவது மெட்டு மணிக்கணக்காகப் பிடிகொடுக்கவில்லை.

“சரி,” என்றார் பத்மாசனி.

கனகலிங்கம் கையை எடுக்கவில்லை. “சரியெண்டுறியளோ, களைச்சுப் போனியளோ?”

பத்மாசனி இன்னொரு முறை மீட்டினார்.

“களைச்சுப் போனன்.”

“அப்ப தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வாங்கோ.”

“அந்தாளுக்கு இருட்டினாலும் தெரியாது,” என்று குசினியிலிருந்து சிவனேஸ்வரி சொன்னார். “பிள்ளை, நீ ஆறுதலாக் குடி.”

பதினேழாவது மெட்டு மறுநாள் காலைதான் சரிவந்தது. அன்று மாலைக்குள் மிச்சம் ஏழும் முடிந்தன. கனகலிங்கம் வீணையை முற்றத்து வெயிலில் ஒரு மணித்தியாலம் கிடத்தினார். பத்மாசனி அந்த ஒரு மணித்தியாலமும் அதன் பக்கத்திலேயே நின்றார். ஒரு மெட்டும் அசையவில்லை.

பத்தொன்பதாம் திகதி யாழ்ப்பாணத்தில் பரீட்சை நடந்தது. பத்மாசனி இரண்டாம் பிரிவில் சித்தியடைந்தார். அடுத்த வருடம் தை மாதம், துணுக்காயில் ஒரு பாடசாலைக்குச் சங்கீத ஆசிரியையாக நியமனம் கிடைத்தது.