கை காட்டாத கதாநாயகன்

எங்கள் தெருமுனை மலையாளி டாக்சிக்காரர் கார் துரத்தும் இங்கிலீஷ் படம் ஒன்றையும் விடமாட்டார். கொட்டகையில் அவர் வலது கால் தரையில் பிரேக்கை மிதித்தபடியே இருக்கும்.

மின் பொறியியல் டிப்ளமா முடித்து, முதல் நேர்முகத் தேர்வுக்கு ரயிலைப் பிடிக்க அவர் வண்டியில் ஏறினேன். ஆளில்லாத திருப்பத்திலும் ஜன்னல் வழியே கை காட்டினார். மட்டாஞ்சேரிப் பாலத்தில் ஆடுகளுக்காக நின்றார்.

“ரயில் போயிடும் சேட்டா. நேத்து நீங்க பார்த்த படத்துல ஹீரோ எப்படி ஓட்டினான்?”

“நல்ல படம், கேட்டோ. நீயும் போய்ப் பாரு. ஆனா அதுல உருண்ட கார் அடுத்த ஷோவுக்கு முழுசா வந்துடும் மோளே. இது வராது.”

ரயில் போய்விட்டது. வேலையும் போனது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்துக்குப் போனேன். கதாநாயகன் கை காட்டாமலே திரும்பினான். என் வலது கை பக்கத்து நாற்காலிப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் நீண்டிருந்தது.