மணியில் இல்லாத பெயர்

ஜெர்மனியின் லைப்சிக் நகரம். முகவரி சரி, வீட்டு எண்ணும் சரி. ஆனால் வாசலிலுள்ள அழைப்புமணிகள் எதிலும் யோகேஸ்வரி அக்காவின் பெயர் இல்லை. ஹம் நகரிலிருந்து அவர் தங்கை கொடுத்தனுப்பிய மிளகாய்த்தூள் பையோடு நிற்கிறேன். மேல்மாடியில் திரை விலகுகிறது. யாரோ என்னையே பார்க்கிறார்கள். எனக்கும் அந்த ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்க மனமில்லை.

கதவு பாதி திறக்கிறது. அக்காதான். பையை வாங்குமுன் தெருவின் இரு பக்கமும் பார்க்கிறார்.

“உங்கள் பெயரையே காணோமே, அக்கா?”

“ஷ்மிட் எண்டு கிடக்கிறது என்ர மணிதான், தம்பி. முந்தி இருந்த ஆளின்ர பேர். நான் மாத்தேல்லை. போன மாசமும் வெளிநாட்டுக்காரரைத் துரத்தச் சொல்லி இந்தத் தெருவால ஊர்வலம் போனது.”

“கத்திவிட்டுப் போவார்கள். வீடு தேடியா வரப்போகிறார்கள்?”

அக்கா என் காலடியைக் காட்டுகிறார். நடைபாதையில் பித்தளைத் தகடு பொதிந்த இரண்டு சிறிய நினைவுக் கற்கள். இதே வீட்டிலிருந்து நாஜிகள் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்ற யூதக் கணவன் மனைவியின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. சட்டென்று காலை இழுத்துக்கொள்கிறேன்.

“அவையும் மணியில பேரைப் போட்டிட்டு நிம்மதியா இருந்த ஆக்கள்தான். உள்ளுக்கு வாங்கோ, கதவைச் சாத்தோணும்.”