பதினெட்டு ரோல் நேவி

மொத்தமே நாற்பது வரிதான். அதை எழுதி முடித்த அன்று எனக்கிருந்த திமிரை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கும் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு நான்தான் கம்ப்யூட்டர் ஆள். பிரிண்டர் மக்கர் செய்தாலும் நான்தான், கேமரா நின்றாலும் நான்தான். முதலாளிக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. செல்போனில் ஆர்டர் நம்பரைப் போட்டால் அந்த ஆர்டரின் துணி எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதுவரை அவர் துணி ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குத்தான் போன் போடுவார். அக்கா எந்த மூலையில் நின்றாலும், நோட்டைப் பார்க்காமலே பதில் சொல்வார்.

ஒரு சின்ன வெப் ஃப்ரேம்வொர்க்கை எடுத்தேன். ஒரே ஒரு முகவரி. அதன் கடைசியில் ஆர்டர் நம்பர். திரும்பி வருவது மூன்றே எண்கள்: சாயப்பட்டறையிலிருந்து வந்த ரோல், கட்டிங்குக்குப் போன ரோல், ரேக்கில் ஸ்கேன் செய்து எண்ணிய கையிருப்பு. லாகின் ஒன்று, க்வெரி ஒன்று, தீர்ந்தது வேலை. கேட்டதற்குப் பதில் தரும் ப்ரோக்ராமை, ஏபிஐயை, இதைவிடச் சின்னதாக எவனும் எழுத முடியாது என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

ஸ்டோரில் நான் ரோல்களுக்கு ஸ்கேன் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டார். சிவகாசிப் பக்கத்துக்காரர். இங்கே வந்து இருபது வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை.

“தம்பி, இதுல கைமாத்துக்கு எடம் வச்சிருக்கீகளா?”

கைமாத்து என்பது எங்கள் கம்பெனியில் எல்லோரும் செய்வது, ஒருவரும் ஒப்புக்கொள்ளாதது. ஓர் ஆர்டர் அவசரமாகக் கப்பலேற வேண்டும், அதன் துணி இன்னும் சாயப்பட்டறையில் கிடக்கிறது என்றால், அதே நிறத்தில் சும்மா இருக்கும் வேறு ஆர்டரின் துணியை எடுத்து வெட்டிவிடுவார்கள். பட்டறையிலிருந்து வந்ததும் திருப்பி வைத்துவிடுவார்கள். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையருக்குத் தெரிந்தால் தொலைந்தது. அதனால் எழுத்தில் எதுவும் இருக்காது. போனில் ஒரு வார்த்தை, அக்காவின் ஞாபகம், இரண்டும்தான் சாட்சி.

“அதெல்லாம் வேண்டாமுங்க அக்கா. ஒரு கட்டம் சேத்துனா பின்னாலயே நாலு கட்டம் கேப்பாங்க. அப்பறம் பாத்துக்கலாமுங்க” என்றேன்.

“என்னமோ போங்க. நீங்க படிச்சவுக.”

இரண்டு மாதம் ஜோராக ஓடியது. வருகிறவர்களுக்கெல்லாம் முதலாளி போனை எடுத்துக் காட்டினார். ஒரு புதன்கிழமை காலை பையரின் ஆள் ஆய்வுக்கு வந்திருந்தார். முதலாளி பந்தாவாக அவருடைய ஆர்டர் நம்பரையே போட்டார். நேவி நிறம். வந்தது முப்பத்திரண்டு. கட்டிங்குக்குப் போனது பூஜ்யம். கையிருப்பு பதினான்கு.

பதினெட்டு ரோல் எங்கே?

அக்காவைக் கூப்பிட்டார்கள். என்னையும், ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசரையும் கூப்பிட்டார்கள். அந்த மெர்ச்சண்டைசர்தான் போன வாரம் போன் போட்டு, பதினெட்டையும் வேறு ஆர்டருக்குக் கைமாத்தாக வாங்கியவர். அப்போது நான் ஸ்டோரில் ஸ்கேனரைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் என் காதாலேயே கேட்டேன்.

அக்கா மெர்ச்சண்டைசரின் முகத்தைப் பார்த்தார். பையரின் ஆளை வைத்துக்கொண்டு எதைச் சொல்வது? “பட்டறையிலருந்து வந்துரும்யா, பதினெட்டும் வந்துரும்” என்று மட்டும் சொன்னார்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்” என்றார் மெர்ச்சண்டைசர், தரையைப் பார்த்துக்கொண்டு.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஏனுங்க, சிஸ்டம் சரியாத்தானே காட்டுது?”

“சரியாத்தானுங்க காட்டுது” என்றேன். பாவி, நான் பொய்கூடச் சொல்லவில்லை.

எங்கள் பக்கம் யாரையும் திட்டி வெளியே அனுப்புவதில்லை. “நீங்க ஊட்டுக்குப் போயிட்டு வாங்க, நாங்களே கூப்படறோமுங்க” என்று அக்காவிடம் மரியாதையாகச் சொன்னார்கள். கூப்பிட மாட்டார்கள் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். துணியைக் காணோம் என்ற பேச்சு அவருக்கு முன்னால் மற்ற கம்பெனிகளுக்குப் போய்விடும், இனி எந்த ஸ்டோர் சாவியும் அவர் கைக்கு வராது என்பதும் தெரியும்.

டிபன் பாக்ஸோடு வந்தவரை கேட் அருகே நிறுத்தி, “அக்கா, அது கேட்டதுக்குத்தான் பதில் சொல்லுமுங்க. அதுல கைமாத்து இல்லீங்களே” என்று உளறினேன். சே, போகிறவரிடம் அதையா சொல்வது!

“அதுக்கு வாய் இல்ல தம்பி, சரி. ஒங்களையுந்தான கேட்டாக?”

கம்பெனி வேனுக்குக் காத்திருக்காமல் டவுன் பஸ்ஸுக்கு நடந்து போனார்.

அன்று சாயங்காலமே கைமாத்துக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். ஏழு வரி. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இன்றுவரை அதில் ஒருவரும் எதையும் நிரப்பியதில்லை. எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று பயம். கைமாத்து மட்டும் நிற்கவில்லை.

ஒன்பது நாள் கழித்துப் பட்டறை வண்டி வந்தது. அக்கா சொன்னபடியே பதினெட்டு ரோல் நேவி. மெர்ச்சண்டைசர் அவற்றைக் கைமாத்து கொடுத்த ஆர்டரின் ரேக்கிலேயே ஏற்றி ஸ்கேன் செய்யவைத்தார். நான் ஆர்டர் நம்பரைப் போட்டேன். கையிருப்பு முப்பத்திரண்டு என்று வந்தது. போனைத் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்கு ஓடினேன்.

“சார், அந்தத் துணி வந்துருச்சுங்க. அக்கா எடுக்கலீங்க. கைமாத்துங்க. எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க.”

அவர் என் போனை வாங்கிப் பார்த்தார். கோபமே படவில்லை.

“அதான் டேலி ஆயிருச்சில்லீங்க, விடுங்க. இப்பப் போயி அந்தம்மாளைக் கூப்பிட்டா, நாம தப்புப் பண்ணுன மாதிரி ஆயிருமுங்க.”

“சரிங்க” என்று சொல்லிவிட்டு வந்து, ஸ்டோர் பிரிண்டருக்கு ஸ்டிக்கர் ரோல் மாட்டினேன்.