மனப்பாடமான கடைசி வரி

முனிரத்னம்மா அக்காவைப் பற்றி எழுத, நம் பிரிவில் என்னைவிட உரிமை உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். இரங்கல் கூட்டத்தில் பேசச் சொன்னபோது என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தி எனக்குக் காலை ஷிப்ட் பஸ்ஸில்தான் தெரிந்தது. அக்கா வழக்கமாக ஏறும் பேரிகை நிறுத்தத்தில் யாரும் ஏறவில்லை. டிரைவர் திரும்பி, "அக்காவுக்கு நெஞ்சு வலியாம். விடியறப்பவே போயிடுச்சும்மா" என்றார்.

இறுதிச் சோதனை மேசையில் அவர் குறை என்று ஒதுக்கிய வண்டிப் பாகத்தை யாரும் மறுபடி பார்த்ததில்லை. விளக்கடியில் சாய்த்துப் பிடித்தாலே மயிரிழை விரிசலும் அவருக்குத் தெரிந்துவிடும். "நல்லாத்தானே இருக்கு?" என்று ஒருமுறை சூப்பர்வைசர் வாதாடினார். "உங்க வண்டியிலயே மாட்டிக்கோங்க சார், பாஸ் போட்டுடறேன்" என்றார் அக்கா. சூப்பர்வைசரே அதைக் கழிவுப் பெட்டியில் போட்டார்.

அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. போன வருடம் கண்ணுக்குள் படம் எடுத்த டாக்டர், விழித்திரையின் நடுவில் நீர் கசிந்து வீங்கியிருப்பதாகச் சொன்னார். அதற்குக் கண்ணில் ஊசி என்றதும் அக்கா வேண்டவே வேண்டாம் என்றார். "பார்வை இப்ப நல்லா இருக்கு, காத்திருக்கலாம். ஆனா மாசாமாசம் வரணும். அட்டையில படிக்கிற எழுத்து கொறைய ஆரம்பிச்சா தள்ளிப்போடக் கூடாது" என்றார் டாக்டர்.

துணைக்கு என்னைத்தான் அழைத்துப்போவார். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி முடித்தவள் நான். சீட்டைப் படித்துச் சொல்வேன் என்பதற்காக என்று நினைத்திருந்தேன்.

ஒரு மாதம், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் மாட்டிய எழுத்து அட்டையின் கடைசி வரியை மளமளவென்று ஒப்பித்தார். பரிசோதிப்பவரின் குச்சி அப்போது இரண்டு வரி மேலேதான் இருந்தது. அதே அட்டைதான் நம் கம்பெனி மருத்துவ அறையிலும் தொங்குகிறது. கண் பரிசோதனை வருமுன் கேண்டீனில் ஒருவருக்கொருவர் அந்த எழுத்துகளைச் சொல்லிக்கொடுப்போம். கண் மங்கினால் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயம்.

"வேற அட்டை மாட்டுங்க சார்" என்றேன். என் குரல் பரிசோதிப்பவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். புது அட்டையில் அக்கா பாதியோடு நின்றுவிட்டார். படத்திலும் வீக்கம் கூடியிருந்தது. இனி காத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் ஊசியைத் தொடங்கினார்.

"நீ வாயே தொறக்க மாட்டேன்னுதான் உன்ன இட்டுனு வந்தேன். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருப்பேன், கெடுத்துட்ட புள்ள" என்றார் அக்கா. பஸ்ஸில் அன்று ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

சில ஊசிகளுக்குப் பிறகு ஒருநாள், ஒரு பாகத்தை என்னிடம் நீட்டினார். "இதுல கீறல் தெரியுதா?"

"தெரியலக்கா."

"எனக்குத் தெரியுது, போ" என்று சிரித்தார். கடைசி ஷிப்ட் வரை அந்த மேசையில்தான் இருந்தார்.

எதையும் பாஸ் போடுமுன் ஒருமுறை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும் பழக்கம், அவரிடமிருந்து எனக்கு வந்தது.

ஒன்று கேட்கத் தயங்கித்தான் இவ்வளவும் எழுதினேன். அந்த அட்டையின் கடைசி வரி நம்மில் பலருக்கு இன்னும் மனப்பாடம். நாம் சொல்வதை வைத்துத்தான் டாக்டர் முடிவெடுக்கிறார். தெரியாத எழுத்தைத் தயவுசெய்து தெரியவில்லை என்றே சொல்லுங்கள்.